எண்கள் இல்லாத ரிமோட்

சத்தத்தை அறவே குறைத்துவிட்டுத்தான் கமலவேணி பொத்தானை அழுத்தினாள். உள்ளறையில் கணவர் நாச்சிமுத்து மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். மின்விசிறியின் கடகடப்புக்குக் கீழே அவருடைய மூச்சு இழுத்து இழுத்து வருவது ஹால் வரைக்கும் கேட்டது. அது கேட்கிற வரை அவளால் வேறு வேலை பார்க்க முடியும், கேட்காமல் போனால் கையில் எது இருந்தாலும் அப்படியே நின்றுவிடுவாள். அவர் எழுந்து வருவதற்குள் இதைக் கற்றுக்கொண்டுவிட வேண்டும். அவருக்கு முன்னால் தடுமாறக் கூடாது, அதைவிட முக்கியம், தனக்கு முன்னால் அவர் தடுமாறக் கூடாது. திரை கறுப்பாக இருந்து நீலமாகி, "யார் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டது. கீழே வட்டம் வட்டமாகப் பொம்மை முகங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெயர். மகன் தினகரன் புனேயில் உட்கார்ந்துகொண்டே எழுதி வைத்தவை. தினகர், அவன் பெண்டாட்டி, அவன் மகள், கடைசியில் அப்பா. அப்பாவுக்கு ஒரு கரடி முகம் போட்டிருந்தான். அம்மா என்று ஒன்று இல்லை. மறந்திருப்பான், அல்லது அம்மாவும் அப்பாவும் ஒன்றாகத்தானே பார்ப்பார்கள் என்று நினைத்திருப்பான், அதுவும் சரிதான். ஆனால் ஒரு டிவி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு யார் பார்க்கிறீர்கள் என்று கேட்கிறது. இத்தனை வருஷம் கேபிளில் பார்த்தபோது அது ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை, அது பாட்டுக்கு ஓடும், யாருமே இல்லாவிட்டாலும் ஓடும், அடுப்படியில் நின்றுகொண்டு காதை மட்டும் கொடுத்தாலும் கோபித்துக்கொள்ளாது. அவள் கரடியின் மேல் வட்டத்தைக் கொண்டுபோய் நிறுத்தி நடுவில் அழுத்தினாள். நான்தான் பார்க்கிறேன், கரடியின் பேரில்.

கேபிளை விட வேண்டும் என்று அவளாக ஒரு நாளும் நினைத்ததில்லை. தங்கராசுதான் வந்து வாசல் கேட்டைப் பிடித்தபடி நின்று சொன்னான். சூரம்பட்டியில் இந்த நாலு வீதிக்கும் அவன்தான் கேபிள், கல்யாணம் ஆவதற்கு முன்னாலிருந்தே மொட்டை மாடி மொட்டை மாடியாகத் தாவி ஒயர் இழுத்தவன், இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. "அக்கா, இந்த வீதியில உங்களையும் பக்கத்து வீட்டையும் விட்டா கேபிள்ல ஆளே இல்லீங்க. எல்லாரும் எதெதுக்கோ மாறிட்டாங்க. மாசக் கடைசியோட இந்தப் பக்கம் லைனை எடுத்துப்போடலாம்னு இருக்கறேன், வெசனப்படாதீங்க, தம்பிகிட்டச் சொல்லி வேற ஏற்பாடு பண்ணிக்கங்க." அவனைக் குறை சொல்ல முடியாது. காற்றடித்தால் படம் போகும், மழை வந்தால் போகும், காக்கா உட்கார்ந்தால்கூடப் போகும், ஒவ்வொரு தடவையும் அவன் தன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துதான் இருக்கிறான். தினகரனிடம் சொன்னதும் அவனுக்குச் சந்தோஷம், எப்போதிருந்தோ சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு சின்னப் பெட்டியும் ரிமோட்டும் நேற்று கூரியரில் வந்தன, இன்றைக்கு நாச்சிமுத்து படுத்த பிறகு ஒருவர் வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் சும்மா பார்க்கலாமாம், பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் வேண்டாம். எல்லா சேனலும் அதே மாதிரி அதே நேரத்தில் வரும்மா, கேபிளுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது, என்றான். ரிமோட்டைப் பார்த்ததுமே அவளுக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. அதில் எண்கள் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்புக் குச்சி, மேலே ஒரு வளையம், வளையத்துக்கு நடுவில் ஒரு பொத்தான், கீழே இன்னும் சில, அவ்வளவுதான். ஒன்றிலிருந்து பூஜ்யம் வரைக்கும் ஒன்றுமே இல்லை.

நாச்சிமுத்துவிடம் மிச்சம் இருந்தது எண்கள்தான். மஞ்சள் தரகில் முப்பது வருஷம் இருந்தவர். காலையில் மண்டிக்குப் போனால் பொழுதோடதான் வருவார், சட்டைக் காலர் மஞ்சளாக, தொண்டை கட்டிப்போய். நிஜாமாபாத் வியாபாரியிடம் தெலுங்கு மாதிரி ஒன்று பேசுவார், சாங்லி வியாபாரியிடம் இந்தி மாதிரி ஒன்று, எதுவும் உருப்படியான தெலுங்கும் இல்லை இந்தியும் இல்லை, ஆனாலும் சரக்கு கைமாறிவிடும். வீட்டுக்கு வந்தும் போனில் பேசுவார், சாப்பிடும்போது பேசுவார், தூக்கத்தில் பேசுவார். அந்த மனுஷனுக்குப் போய், போன வருஷம் பக்கவாதம் வந்தபோது, வார்த்தையில் அடி விழுந்தது. வலது கையும் வலது காலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிட்டன, கால் வாக்கர் பிடித்து நடக்கிற அளவுக்கு, கை ஒரு சாமானைத் தள்ளுகிற அளவுக்கு. வார்த்தை வரவில்லை. வந்தாலும் வேறு வார்த்தை வரும். கண்ணாடி வேண்டுமென்றால் குடை என்பார், தண்ணீர் என்பதற்குச் சாவி என்பார், தான் சொன்னது தப்பு என்று அவர் முகத்துக்கே தெரியும், அந்த முகத்தைத்தான் பார்க்க முடியாது. ஆனால் பழைய ரிமோட்டை இடது கையில் எடுத்தால், பார்க்காமலே, கட்டைவிரல் தன்னால் மூன்று இடத்தைத் தொடும், செய்திச் சேனல் வந்து நிற்கும். பொத்தானில் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது, விரலுக்கு மட்டும் வழி தெரியும். இந்த வீட்டில் யாருடைய தயவும் இல்லாமல் அவர் செய்கிற காரியம் அது ஒன்றுதான். குளிக்க, உடுத்த, பட்டன் போட, மாத்திரை பிரிக்க எல்லாவற்றுக்கும் அவள் வேண்டும். டிவிக்கு மட்டும் அவள் வேண்டாம். அதை எப்படித் தினகரனிடம் சொல்வது. நேற்று அவனிடம் போனில், எண் இல்லையே கண்ணு, அப்பா எப்படி மாத்துவாரு, என்று கேட்டபோது அவன் வேகமாக, அது பிரச்சினையே இல்லம்மா, மைக் படம் போட்ட பொத்தான் ஒண்ணு இருக்குது பாருங்க, அதை அமுக்கிட்டு சேனல் பேரை வாயில சொன்னாப் போதும், என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டான். போனுக்குள் புனேயின் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவன், சரிம்மா, வளையத்தை வெச்சே கீழே கீழே போகலாம், மெதுவாப் பழகிக்குவாரு, என்றான், குரல் இறங்கிப்போய். பாவம், அவன் என்ன செய்வான்.

அவள் வளையத்தின் கீழ்ப்புறத்தை அழுத்தினாள். சேனல்கள் ஒரு வரிசையாக ஏறின. ஒரு தடவை அழுத்தினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் ஓடுகிறது, பிடித்த பிடியில் ஏழெட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கிறது, திரும்பி வந்தால் இந்தப் பக்கம் தாண்டிவிடுகிறது. கிணற்றில் வாளி விடுகிற மாதிரி கை பார்த்து விட வேண்டும் போலிருக்கிறது. தமிழ்ச் செய்திகள் எல்லாம் ஓரிடத்தில் கூடிக் கிடந்தன, அவருடைய சேனல் அதில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ இருந்தது, அதைக் கண்டுபிடித்தபோது அவளுக்குச் சந்தையில் தொலைந்த பிள்ளையைப் பார்த்த மாதிரி இருந்தது. மறுபடி வெளியே போய், மறுபடி உள்ளே வந்து, மறுபடி அதைப் பிடித்தாள். மூன்றாவது தடவை எளிதாக வந்தது. சத்தத்தை ஒரு புள்ளி ஏற்றினாள். அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பக்கத்து வீட்டில், செய்தி வாசிக்கிற அதே மீசைக்காரரின் குரல் கேட்டது. அங்கே கேபிள். அங்கே அவர் வணக்கம் சொல்லி முடித்துவிட்டார், இங்கே இன்னும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இங்கேயும் சொன்னார். அங்கே பேசியதெல்லாம் இங்கே பின்னால் வந்தது, ஒரே சொல் இரண்டு தடவை, முதலில் சுவர் வழியாக மங்கலாக, அப்புறம் முகத்துக்கு நேரே தெளிவாக. திரையின் மூலையில் நேரலை என்று சிவப்பில் போட்டிருந்தது. நேரலைதான், என்ன, கொஞ்சம் பிந்திய நேரலை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாச்சிமுத்துவும் அப்படித்தான். இட்லியா தோசையா என்று காலையில் கேட்டால் கேள்வி உள்ளே போய் எங்கெங்கோ சுற்றி எதெதையோ தட்டிப் பார்த்துவிட்டு, அவள் அடுப்படிக்குத் திரும்பி மாவைக் கரைக்க ஆரம்பித்த பிறகு ஹாலில் இருந்து, ம், என்று வரும். முதல் மாதங்களில் அவள் அவசரப்பட்டுத் தானே பதிலையும் சொல்லிவிடுவாள், இட்லி சரிங்களா, இட்லியே வெச்சர்றேன், என்று. அவர் முகம் சுருங்கிப்போகும். இப்போது நிற்கப் பழகிவிட்டாள். நின்றால் வருகிறது, எல்லா நேரமும் இல்லை, சில நேரம்.

படம் நின்றது. செய்தி வாசிக்கிறவர் வாயைப் பாதி திறந்தபடி, ஒரு கண் மூடியும் மூடாமலும், அப்படியே உறைந்துவிட்டார். நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. கமலவேணியின் கழுத்து தானாக உள்ளறைப் பக்கம் திரும்பியது. மூச்சு. மின்விசிறி. மூச்சு. இருக்கிறது. அன்றைக்கு ஒரு சாயங்காலம், அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார், அவள் இந்தப் பக்கம் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள், படம் பாதிதான் தெரியுது கமலா, தங்கராசுக்குப் போனைப் போடு, என்றார். அவள் நிமிர்ந்து டிவியைப் பார்த்தாள். படம் முழுசாக இருந்தது. மைதானம் முழுசாக, ஆட்கள் முழுசாக, மூலையில் எண்ணிக்கை எல்லாம் முழுசாக. முழுசாத்தானுங்களே இருக்குது, என்று சொல்லிக்கொண்டே அவர் பக்கம் திரும்பியபோது வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது, பக்கத்து வீட்டுக் கார், ஆஸ்பத்திரி, சீக்கிரம் கொண்டுவந்தீங்கம்மா என்று டாக்டர் சொன்னது, எல்லாம் சரியாகவே நடந்தது, யாரும் எதிலும் தாமதிக்கவில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து டிவியில் படம் நின்றால், புள்ளி புள்ளியாக உடைந்தால், கோடு விழுந்தால், அவள் டிவியைப் பார்ப்பதில்லை, அவர் முகத்தைத்தான் பார்ப்பாள். வாய் நேராக இருக்கிறதா. கண் இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதா. அவருக்கும் அது தெரியும் என்று நினைக்கிறாள். படம் போனால் அவர் இடது கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார், ஏதோ அரிக்கிற மாதிரி. இந்த வட்டம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வந்து சுற்றுமோ. கேபிளில் படம் போனால் தங்கராசு மேல் பழியைப் போட்டுத் திட்டலாம், இதில் யாரைத் திட்டுவது. வட்டம் மறைந்தது. வாசிக்கிறவர் மூடாத கண்ணை மூடித் திறந்து விட்ட இடத்திலிருந்து பேசினார், தனக்கு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

இது அவருக்குக் கைவராவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே போனால் அந்த நினைப்பு எங்கே போய் முட்டும் என்பதும் தெரிந்துதான் இருந்தது. சாயங்காலம் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் தண்ணீரும் ரிமோட்டும் வைத்துவிட்டு, காய் வாங்கிட்டு வந்தர்றனுங்க என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். காய் வாங்க எவ்வளவு நேரம் ஆகும். கடை வீதி முனையில்தான். வாங்கிவிட்டு அவள் நேராக வீட்டுக்கு வருவதில்லை. கொஞ்சம் தள்ளி பஸ் ஸ்டாப் இருக்கிறது, அந்தச் சிமெண்டுப் பெஞ்சில் போய் உட்காருவாள். பஸ்கள் வரும், பெருந்துறை, காங்கேயம், சென்னிமலை, கரூர். ஏறுகிறவர்கள் ஏறுவார்கள், இறங்குகிறவர்கள் இறங்குவார்கள், ஏறலீங்களா என்று கண்டக்டர் கண்ணால் கேட்பார், இல்லை என்று இவள் தலையசைப்பாள். அவ்வளவுதான். யாரையும் பார்க்க இல்லை, எங்கேயும் போக இல்லை. தன் காதுக்கு யாருடைய மூச்சையும் எண்ணுகிற வேலை இல்லாமல் கொஞ்ச நேரம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல என்ன இருக்கிறது. அந்த நேரத்துக்கு ஆதாரமே அவர் கையில் இருக்கிற ரிமோட்தான். அவருக்குத் தானே மாற்றிக்கொள்ள முடிகிறது, அதனால் அவருக்கு ஒரு வேலை இருக்கிறது, அதனால் அவளால் போக முடிகிறது. நாளைக்கு இந்தக் கறுப்புக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு தெரியாத சேனலில் மாட்டிக்கொண்டு, கூப்பிட ஆளும் இல்லாமல், கூப்பிட வார்த்தையும் இல்லாமல் அவர் உட்கார்ந்திருப்பார் என்றால் பெஞ்சில் அவளால் எப்படி உட்கார முடியும். ஆக, இது அவருக்காகவா, எனக்காகவா. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. சரி, இருக்கட்டும்.

செய்தி மட்டும் போதும் அவருக்கு, அது ஒன்றைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் மற்றதெல்லாம் அப்புறமேட்டுக்குப் பார்த்துக்கொள்ளலாம். நாள் பூராவும் செய்திதான். வாசிக்கிறவர் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டுவார், மண்டியில் விலை சொல்லும்போது ஆட்டுவாரே அந்த ஆட்டல். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு ஆறுதல், பேச்சு போனாலும் புத்தி தெளிவாக இருக்கிறது, உலகத்தில் நடப்பதெல்லாம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று. பார்க்க வருகிறவர்களிடமும் அதைத்தான் சொல்வாள், எல்லாம் புரிஞ்சுக்கறாருங்க, நியூஸ் ஒண்ணு விடமாட்டாரு. ஒரே ஒரு தடவைதான் கொஞ்சம் உறுத்தியது. போன தையில், அவர் முப்பது வருஷம் வேலை பார்த்த மண்டியின் கிடங்கில் தீப்பிடித்துவிட்டது என்று செய்தியில் வந்தது. மூட்டை மூட்டையாக எரிந்ததைக் காட்டினார்கள், பெயரைச் சொன்னார்கள், கீழே எழுத்தும் ஓடியது. அவள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து நின்றாள். அவர் தலையை ஆட்டினார், மழை வரும் என்று சொன்னதற்கு ஆட்டிய அதே ஆட்டல். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவேளை மனசு ஆறிப்போய்விட்டது, இவ்வளவு பட்டபிறகு எது எரிந்தால் என்ன என்று ஆகிவிட்டது, என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அன்று ராத்திரி வழக்கம்போலச் சாப்பிட்டார். அதை யாரிடமும் பேசவில்லை.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அப்புறம் வாக்கரின் கால்கள் தரையில் இறங்குகிற சத்தம், டக், ஒரு இழுப்பு, டக். அவள் எழுந்து போகவில்லை. தானாக எழுந்து வரட்டும் என்று பிசியோதெரபி அம்மாள் சொல்லியிருக்கிறாள், விழுந்தால் தாங்குகிற தூரத்தில் இருங்க, தாங்காதீங்க. அவர் வந்து வாசற்படியில் நின்று முதலில் டிவியைப் பார்த்தார், அப்புறம் அதன் பக்கத்தில் இருந்த புதிய பெட்டியைப் பார்த்தார், அப்புறம் அவளை.

"ஏனுங்க, நம்ம தினகரு அனுப்புனானே, அதை மாட்டியாச்சுங்க. உக்காருங்க. காப்பி வெக்கட்டுங்களா?"

அவர் வந்து தன் நாற்காலியில் மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். இடது கை பக்கத்து ஸ்டூலில் தடவியது, பழைய ரிமோட் இருக்கிற இடம். அது அங்கே இல்லை. அவள் புதியதை நீட்டினாள். வாங்கி, திருப்பி, அடியில் பார்த்து, கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவினார். விரல் தேடியது அவளுக்குத் தெரிந்தது. இரண்டு தடவை தடவிவிட்டு அவளைப் பார்த்தார், பல் விழுந்த வாயைக் காட்டுகிற மாதிரி ரிமோட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"ஆமாங்க. நம்பர் இல்லீங்க இதுல. இந்த வளையம் இருக்குதல்லங்க, கீழே அமுக்குனாக் கீழே போகும், மேல அமுக்குனா மேல. அவ்வளவுதான்."

"குடை," என்றார்.

அவள் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டார். அழுத்தினார், பிடித்தபடியே இருந்தார், சேனல்கள் சரசரவென்று ஓடின, திடுக்கிட்டு விட்டார். எங்கேயோ ஒரு சமையல். மறுபடி அழுத்தினார், பாட்டு. மறுபடி. கமலவேணி இரண்டு கையையும் மடியில் வைத்து ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டாள். மேலே போகணுங்க, மேலே, என்று தொண்டை வரைக்கும் வந்தது, முழுங்கினாள். காப்பி வைக்கப் போகலாம், ஆனால் எழுந்தால் அவர் நிறுத்திவிடுவாரோ என்று இருந்தது. அவர் நெற்றியில் மண்டியில் உட்கார்ந்து கணக்குப் போடும்போது விழுகிற மடிப்பு விழுந்திருந்தது, அதைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. அவசரத்தை விட்டு ஒவ்வொன்றாக அழுத்த ஆரம்பித்தார். ஒன்று, நின்று பார்க்கிறது. இன்னொன்று, நின்று பார்க்கிறது. கைக்கு அளவு பிடிபட்டுவிட்டது, தனக்கு அரை மணி ஆனது அவருக்குக் கால் மணிகூட ஆகவில்லை என்று அவளுக்கு ஒரு சின்னப் பெருமை. பக்திச் சேனல் போனது, சீரியல் போனது, தமிழ்ச் செய்திகள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. அவருடைய சேனல் வந்தது. அதே மேசை, அதே மீசைக்காரர். அவள் மூச்சை விட்டாள். கட்டைவிரல் நின்றது. மீசைக்காரர் ஒரு வாக்கியம் பேசினார், இன்னொன்று பேசினார். நாச்சிமுத்து அவரையே பார்த்தார். அப்புறம் கட்டைவிரல் அழுத்தியது. சேனல் போய்விட்டது.

இதுதானுங்க, தாண்டிட்டீங்க, என்று சொல்ல வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். தவறவிட்ட முகம் இல்லை அது. தவறவிட்டால் முகம் எப்படிச் சுருங்கும் என்று அவளுக்குத் தெரியாதா. பார்த்துவிட்டுத்தான் தாண்டினார். தெலுங்கு வந்தது, கன்னடம் வந்தது, இந்தி வந்தது, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நின்று போனார். என்னவோ ஒரு எழுத்து, மேலே மேலே குடை கவிழ்த்த மாதிரி வளைந்து வளைந்து, அது எந்த ஊர் எழுத்தென்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தச் சேனலில் பெரிய குளம் ஒன்று இருந்தது, இடுப்பளவு தண்ணீரில் பத்துப் பதினைந்து ஆட்கள் ஒரு வலையின் இரண்டு தலைப்பையும் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய ஒருவன் கரையில் நின்றபடி ஏதோ விளக்கிச் சொன்னான். ஒரு சொல்கூடப் புரியவில்லை. கட்டைவிரல் வளையத்தைவிட்டு விலகி, ரிமோட் அவர் மடிக்கு இறங்கியது.

அவள் காத்திருந்தாள். அவர் மாற்றவில்லை. தெரிந்துதான் நிறுத்தினாரா, அலுத்துப்போய் நின்றுவிட்டதா. கேட்கலாமா. கேட்டால் அது வேறு ஒரு வார்த்தைக்கு அவரைத் துரத்துகிற மாதிரி ஆகும். கரையில் நின்றவன் பேசிக்கொண்டே இருந்தான், நாச்சிமுத்து தலையை ஆட்டவில்லை. அதை அவள் கொஞ்சம் தாமதித்துத்தான் கவனித்தாள். ஒரு தடவைகூட ஆட்டவில்லை. நாற்காலியில் சாய்ந்திருந்தவர் முன்னால் நகர்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிடுகிறவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். வலை ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு ஒருவன் முங்கி எடுத்துவிட்டபோது அவருடைய இடது கை காற்றில் ஒரு இழுப்பு இழுத்தது, அப்படி இல்லை இப்படி என்று. அவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தது. தலையாட்டுவது அவளுக்காக ஆட்டியது. பார்க்க வருகிறவர்களுக்காக ஆட்டியது. அந்த மீசைக்காரர் மூச்சுவிடாமல் கொட்டுகிற தமிழ் ஒரு வருஷமாக அவர் காதுக்குள் விழுந்து உடைந்து சில்லு சில்லாகத்தான் போயிருக்கிறது. ஒன்றைப் பொறுக்குவதற்குள் பத்து வந்து விழும், தன் பாஷை, தெரிந்திருக்க வேண்டிய பாஷை, தெரியவில்லை என்று யாரிடம் சொல்வது, எந்த வார்த்தையைக் கொண்டு சொல்வது, தலையை ஆட்டிவிட்டால் வம்பில்லை. கிடங்கு எரிந்தது அவருக்குத் தெரியாது. இன்றைக்கு வரைக்கும் தெரியாது. மூட்டைகள் எரிவதைப் பார்த்திருப்பார், எங்கேயோ எதுவோ எரிகிறது என்று ஆட்டியிருப்பார். அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வந்தது வேறு என்னவோ, வெயிலில் நடந்து வந்து செருப்பைக் கழற்றியதும் காலுக்குத் தரை தெரியுமே அந்த மாதிரி. எல்லாம் புரிகிறது என்று அவள் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த பாரத்தை அவர் அல்லவா தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார், தினமும், செய்தி நேரம் முழுக்க. இந்தக் குளத்துக்காரன் பேசுவது இவருக்கும் புரியாது, எனக்கும் புரியாது. புரியாதது இங்கே யாருக்கும் குற்றமில்லை. நிஜாமாபாத்காரன் பேசினபோது இவருக்கு என்ன புரிந்ததோ அதுதான் இப்போதும் புரிகிறது, கையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, சரக்கைப் பார்த்து.

போன் அடித்தது. தினகரன்.

"அம்மா, போட்டுப் பாத்தீங்களா? வருதா?"

"வருது கண்ணு. நல்லா வருது."

"அப்பா எந்திரிச்சுட்டாரா? நியூஸ் பாக்கறாரா?"

"இல்லடா. மீன் புடிக்கறதைப் பாத்துட்டு இருக்கறோம்."

"மீனா? எந்தச் சேனல்ம்மா?"

"தெரியலியே. என்ன பாஷைன்னும் தெரியல."

அவன் பதறினான். "அய்யோ, வேற எங்கியோ போயிட்டீங்க. இருங்க, நான் சொல்ற மாதிரி அமுக்குங்க, அப்பா சேனலுக்குக் கொண்டுவந்து விட்டுடலாம். ரிமோட் யாருகிட்ட இருக்குது?"

"அப்பாகிட்டத்தான் இருக்குது. அவரே வெச்சதுடா."

"அவரேவா?"

"ம். விடு கண்ணு. ஒண்ணும் மாத்த வேண்டாம். தங்கராசு வந்தா அந்தக் கேபிள் பெட்டியைக் கழட்டிக் குடுத்தர்றேன்," என்றாள். அப்படிச் சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது, சொன்ன பிறகு சரியாகத்தான் இருந்தது. "ராத்திரி பேசறேன். இப்ப வலை கரைக்கு வருது."

வலை கரைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. ஆட்கள் நெருங்கி நெருங்கி வட்டம் சின்னதாக, உள்ளே தண்ணீர் கொதிப்பது மாதிரித் துள்ளியது. அவள் போனைக் கீழே வைத்துவிட்டு, காப்பியை மறந்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒருவன் குனிந்து இரண்டு கையாலும் அணைத்து ஒரு மீனைத் தூக்கினான், கைக்குழந்தை அளவு இருந்தது, வாலை அடித்து அவன் முகமெல்லாம் சேறாக்கியது. நாச்சிமுத்து சிரித்தார், பாதி வாயால், சத்தமாக. மீனைக் காட்டி அவள் தொடையில் தட்டினார்.

"கெண்டை," என்றார்.

அது கெண்டையா வேறு என்னவா என்று கமலவேணிக்குத் தெரியாது. மீன் வகையெல்லாம் அவள் என்ன கண்டாள். தலைத்துண்டுக்காரன் அதற்கு அவன் பாஷையில் ஏதோ ஒரு பெயர் சொன்னான், கெண்டையாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதைத் தப்பு என்று சொல்ல அந்த வீட்டில் அப்போது ஆள் கிடையாது.

"ஆமாங்க," என்றாள். "எம்மாம் பெருசுங்க."